ஆரி குடித்த பால்

எங்கள் ஐஸ்லாந்து சனத்துக்கு ஒரு வீண் ஜம்பம் உண்டு. தாய்ப்பால் கொடுப்பது வக்கில்லாதவள் செய்கிற வேலை என்று நினைப்பு. வீட்டில் ஒரு பசு நின்றால் போதும், பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே பெற்றவளின் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிப் பாலை வற்ற வைத்துவிடுவார்கள். அப்புறம் வாத்து இறகின் தண்டில் துணியைச் சுற்றி, அதன் வழியாகப் பசும்பாலைப் பிள்ளையின் வாயில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பாலோடு ஏடும் சேர்ந்தால் இன்னும் கௌரவம். அந்தப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கு கண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். போனால் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று சொல்லிவிடுவோம். பாவம் கர்த்தர், எங்கள் பழியையெல்லாம் அவர் தலையில் கட்டிவிட்டு நாங்கள் காப்பி குடிக்கப் போய்விடுவோம்.

சால்வோர் அப்படி இரண்டைப் பறிகொடுத்தவள். ஒன்று ஐஸ்லாந்திலேயே போயிற்று. இன்னொன்று கப்பலேறி கனடாவுக்கு வந்த முதல் வருஷம், ஒண்டாரியோவில் அவள் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தபோது போயிற்று. அதற்குப் பிறகுதான் அவளும் புருஷன் ஏகிலும் மற்றவர்களோடு மேற்கே வந்து வின்னிபெக் ஏரிக்கரையில் இறங்கினார்கள். அங்கே காடு வெட்டிக் குடியேறுகிறவனுக்கு நிலம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. எங்கள் ஊர்க்காரன் எவனும் அதற்கு முன் கோடரியால் ஒரு மரத்தைக்கூட வெட்டியதில்லை. வெட்டுவதற்கு ஐஸ்லாந்தில் மரம் ஏது! பச்சை மரத்தை அடுக்கிக் கட்டிய குடிசை குளிர்காலத்தில் காய்ந்து பிளந்தது. பிளவுகளில் ஓடைக் களிமண்ணை அப்பினார்கள், அது உறைந்து உதிர்ந்தது. மறுபடி அப்பினார்கள்.

மீன் பிடிக்கிறோம், பிழைத்துக்கொள்வோம் என்று தைரியமாகத்தான் வந்தார்கள். கொண்டுவந்ததோ பெருங்கடலில் பெரிய மீனுக்குப் போடுகிற வலை. இந்த ஏரியின் மீன் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நுழைந்து போய்க்கொண்டே இருந்தது. ஏகில் வெறும் வலையை இழுத்துக்கொண்டு கரையேறுவதை ஓடைக்கு அக்கரையில் நின்று ஒருத்தி பார்ப்பாள். அவள் பெயர் ஹாரியட். அந்த மண்ணின் பழைய சனம். அவர்களுக்கு அங்கே நாலைந்து மரவீடுகள், உருளைக்கிழங்குத் தோட்டம், படகுகள் எல்லாம் இருந்தன. வியாபாரப் படகுக்காரர்களிடம் கற்ற இங்கிலீஷ் அவளுக்கு வரும். சால்வோருக்கும் வேலைக்காரியாய் இருந்தபோது கற்றது கொஞ்சம் உண்டு.

"ஏம்மா, அந்த வலையில உங்க வீட்டுக்காரரே புகுந்து அந்தப் பக்கம் போயிடுவாரு போல இருக்கே!" என்று ஹாரியட் ஒரு நாள் கத்தினாள். சால்வோருக்குச் சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு முந்தின வாரம்தான் ஹாரியட்டின் புருஷன் வந்து, ஏகில் வெட்டிக்கொண்டிருந்த மரத்தின் முன்னால் நின்று, இது எங்கள் இடம் என்று சொல்லியிருந்தான். ஏகில் அரசாங்கத்தின் காகிதத்தை நீட்டினான். அவன் அதைக் கையில் வாங்கவே இல்லை.

அடுத்த வருஷம் அக்டோபரில் ஆரி பிறந்தான். ஏகில் அப்போது ஊரில் இல்லை. தெற்கே கோதுமைப் பண்ணைகளில் கூலிக்குப் போயிருந்தான். பேறுகாலம் பார்த்தது பக்கத்துக் குடிசை ஹால்டோரா. வாய் பெரிது, மனசும் பெரிது, எங்கள் கரையில் முதல் பசுவும் அவளுடையதுதான். மூன்றாம் நாள் அவள் கிழிந்த துப்பட்டியோடு வந்து நின்றாள்.

"கையைத் தூக்கு, கட்டி விடறேன்."

"இந்த ஒண்ணுக்கு நானே குடுத்துப் பாக்கட்டுமா, ஹால்டோரா? ரெண்டு போயிடுச்சே."

"பசு நிக்கிறப்போ பிச்சைக்காரி மாதிரி மார்ல போட்டுக்கிட்டு உக்காருவியா? உங்கம்மா கேட்டா என்னடி சொல்லுவா? என் பசு உனக்கில்லாம யாருக்கு? கையைத் தூக்கு."

சால்வோர் கையைத் தூக்கினாள். அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி அவள் பிறகு ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். மறுத்திருக்கலாம். இருபத்தேழு வயசு, புருஷன் பக்கத்தில் இல்லை, எதிரில் நிற்பவள் பிள்ளையைக் கையில் ஏந்தி எடுத்தவள். எந்தத் துணிச்சலில் மறுப்பாள்?

அந்தக் கோடையில் வந்த புதுக்கூட்டத்தோடு பெரியம்மையும் வந்திருந்தது. யாருடைய பெட்டியில் எந்தத் துணியில் வந்ததோ தெரியாது. நவம்பரில் வீடுவீடாகப் பிடித்துக்கொண்டது. தெற்கே போகும் பாதையில் அரசாங்கம் காவல் போட்டது, இங்கிருந்து ஒருவரும் வெளியே போகக் கூடாது, அங்கிருந்து ஒருவரும் வரக் கூடாது. ஏகில் காவலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். சரக்குக் கிடங்கு ஒன்றைக் காலி செய்து ஆஸ்பத்திரியாக்கினார்கள். அம்மை கண்டவர்களையும், அம்மை வீட்டில் புழங்கியவர்களையும் சறுக்குவண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். ஓட்டை விழுந்த சுவர், ஓர் அடுப்பு, தரையில் வைக்கோல். பெரியவர்களில் சிலர் எழுந்து வந்தார்கள். கைக்குழந்தை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

சால்வோருக்கு ஐஸ்லாந்தில் சின்ன வயசிலேயே அம்மை குத்தியிருந்தார்கள், கையில் வடு உண்டு. ஆரிக்கு இல்லை.

டிசம்பரில் ஹால்டோராவின் பசு வற்றியது. காடு வெட்டவும் குடிசை கட்டவும் ஓடிய வருஷத்தில் புல் அறுக்க நேரம் கிடைக்காமல், உறைபனி விழுந்த பிறகு சதுப்பில் அறுத்துப் போட்ட கோரையைத்தான் அதற்குத் தின்னக் கொடுத்தார்கள். அதில் என்ன சத்து இருக்கும்? பால் நின்ற வாரமே ஹால்டோராவின் வீட்டிலும் அம்மை நுழைந்தது, அம்மை வீடு என்று கதவில் மஞ்சள் துணி தொங்கியது. அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேர் அதே வாரத்தில் போனார்கள். அந்த வீட்டில் போய் யாரிடம் என்ன கேட்பது?

ஆரிக்கு அப்போது ஒன்பது வாரம். சால்வோர் மாவைக் கரைத்துக் கொடுத்தாள், கக்கினான். மீன் வேகவைத்த தண்ணீரைக் கொடுத்தாள், வயிறு பிய்த்துக்கொண்டு போயிற்று. கட்டை அவிழ்த்து மார்பில் போட்டாள். உறிஞ்சிப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை, முகம் நீலமாகும்வரை கத்தினான். மூன்றாம் நாள் கத்துவதையும் நிறுத்திவிட்டான். பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் மட்டும். தொடையில் தோல் தளர்ந்து தொங்கியது. இந்தத் தொடையை அவள் முன்பே இரண்டு முறை பார்த்தவள். இதற்கு அடுத்தது என்ன, எத்தனை நாளில் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

தண்ணீருக்காக ஓடையில் பனிக்கட்டியை உடைக்கப் போகும்போது சால்வோர் ஒன்றைக் கவனித்திருந்தாள். காலையில் ஹாரியட் வீட்டுக்குப் பின்னால் வந்து மண்டியிட்டு உட்காருவாள். சட்டையை விலக்கி, மார்பைப் பிழிந்து பாலைப் பனியில் விடுவாள். பிறகு அந்த இடத்தைக் காலால் தள்ளி மூடிவிட்டு உள்ளே போவாள். அவளுடைய கைப்பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்கவே வேண்டியதில்லை. அந்தக் கரையில் நாலு வீட்டின் புகை நின்றுபோயிருந்தது, அவள் வீட்டில் மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

அது அம்மை புகுந்த வீடு. அம்மை வந்தால் ஆரி பிழைக்க மாட்டான். போகாவிட்டால் இரண்டு நாள் தாங்க மாட்டான். சால்வோர் பிள்ளையைத் துணிக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு ஓடையைக் கடந்தாள்.

கதவைத் திறந்த ஹாரியட்டின் முகமெல்லாம் புதுத் தழும்பு.

"என்ன வேணும்?"

தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சால்வோருக்கு மறந்துபோயிற்று. துணியை விலக்கிப் பிள்ளையைக் காட்டினாள்.

"ஏன், உனக்கு மார் இல்லையா?"

"கட்டிட்டேன். எங்க பக்கம் அப்படித்தான். பசும்பால்தான் குடுப்போம்."

ஹாரியட் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ என்ன, கன்னுக்குட்டியா பெத்த?"

சால்வோர் துணியை மறுபடி பிள்ளைமேல் போர்த்தினாள்.

"என் புருஷன் போயிட்டான். அவன் அம்மா போயிட்டா. என் பொண்ணு போயி பத்து நாளாச்சு. உங்காளுங்க கொண்டாந்த சீக்கு. இடத்தை எடுத்தீங்க, மரத்தை எடுத்தீங்க. இப்ப பாலா?" கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

சால்வோர் நகரவில்லை. வீறாப்பெல்லாம் இல்லை, போவதற்கு வேறு இடம் கிடையாது, அவ்வளவுதான். கால் மரத்தது. வாய்க்குள் ஜபம்கூட வரவில்லை. திற, திற, திற என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒரு முறை முனகினான். கதவு திறந்தது.

"குடு இங்க."

ஆரி குடித்தான். முதலில் வாய் பிடிக்கத் தெரியவில்லை. ஹாரியட் அவன் கன்னத்தைத் தட்டி, தன் பாஷையில் என்னவோ திட்டி, காம்பை அவன் வாயில் திணித்தாள். அவன் விழுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஹாரியட் சுவரைப் பார்த்தபடி இருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆனால் குரல் மட்டும் மாறவில்லை.

"ஒரு வேளை குடிச்சாப் போதுமா? அந்தக் குளிர்ல தூக்கிக்கிட்டு அலைவியா? இங்கயே கிட."

இருபத்திரண்டு நாள் சால்வோர் அங்கே கிடந்தாள். விறகு பிளந்தாள், தன் மாவை எடுத்துவந்து ரொட்டி சுட்டாள், தன்னிடம் இருந்த கடைசிப் பிடி காப்பிக்கொட்டையை வறுத்து இருவருக்கும் காய்ச்சினாள். ஹாரியட் பனிக்கட்டியில் வரிசையாகத் துளை போட்டு, நீளக் கழியால் சின்னக் கண்ணி வலையை அடியில் செலுத்தக் கற்றுக்கொடுத்தாள். மீனுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு காலையும் சால்வோர் ஆரியை ஜன்னல் வெளிச்சத்தில் அம்மணமாக்கி, கொப்புளம் இருக்கிறதா என்று விரல் இடுக்குகூட விடாமல் தேடுவாள். தேடும்போது மூச்சே விட மாட்டாள்.

"முதல்ல உன்கிட்ட வை" என்றாள் ஹாரியட், இரண்டாம் நாளே.

"என்கிட்டதான் ஒண்ணுமில்லையே."

"அவன் இழுக்க இழுக்க வரும். காலியா இருந்தாலும் வை. அவன் கத்தினப்புறம் நான் வாங்கிக்கறேன். நான் என்ன, உனக்கு ஆயுசு பூரா பசுமாடா?"

பன்னிரண்டாம் நாள் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. சால்வோர் ஓவென்று அழுதாள்.

"அழுவாத. அந்தத் தண்ணி பாலுக்காவது ஆகட்டும்" என்றாள் ஹாரியட்.

மூன்றாவது வாரம் ஆரி பாதிவயிறு தாயிடமே குடித்தான். கன்னத்தில் சதை வைத்தது. ஹாரியட்டின் குரல் கேட்டால் தலையைத் திருப்பிச் சிரிக்கவும் பழகியிருந்தான்.

இருபத்திரண்டாம் நாள் மாவு எடுக்க சால்வோர் தன் குடிசைக்குப் போனாள். கிடங்கிலிருந்து திரும்பியிருந்த ஹால்டோரா தன் வாசலிலிருந்து கத்தினாள். குரல் பாதியாகியிருந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? நீ செத்துட்டியோன்னு நெனச்சேன். டாக்டர் வீடுவீடா வந்துக்கிட்டிருக்காரு! அக்கரைக்காரங்களோட புழங்கினவங்களை அப்படியே வண்டியில ஏத்திக் கிடங்குக்கு அனுப்புறாங்க. பிள்ளையும் சேத்துத்தான். ஜாக்கிரதை!"

சால்வோர் அன்றே ஆரியைத் தூக்கிக்கொண்டு தன் குடிசைக்கு வந்துவிட்டாள். ஹாரியட் தடுக்கவில்லை. "போ. இப்பதான் பால் உன்கிட்டயே இருக்கே" என்றாள். பிள்ளையின் உச்சந்தலையை ஒரு தடவை மோந்து பார்த்துக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் காலை டாக்டர் வந்தார். கூடவே மொழிபெயர்க்க எங்கள் ஆள் ஒருவர், மண்ணெண்ணெய்த் தகரத்தோடு இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால், போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஹாரியட்.

டாக்டர் கெட்டவர் இல்லை. பல நாள் தூக்கமில்லாத முகம். எங்கள் வீடுகளைச் சாம்பல் தண்ணீரால் கழுவி கந்தகப் புகை போட வேண்டும், அக்கரை வீடுகளைக் கொளுத்திவிட வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. ஹாரியட் விடவில்லை. அவர்கள் வீட்டைக் கழுவுவீர்கள், என் வீட்டைக் கொளுத்துவீர்களா, என் வீடும் கழுவின வீடுதான் என்று வழி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"இதோ, இவகிட்டயே கேளுங்க" என்றாள் ஹாரியட். "இருபத்திரண்டு நாள் என் வீட்ல இருந்தா. இவ பிள்ளைக்கு நான்தான் பால் குடுத்தேன். ஒரு கொப்புளம் வந்துச்சா பாருங்க. சீக்கு இருக்கிற வீடுன்னா அவன் இப்படி இருப்பானா?"

டாக்டர் சால்வோரைப் பார்த்தார். மொழிபெயர்க்கிறவர் நிதானமாகக் கேட்டார். "இந்தம்மா சொல்றது நிஜமாம்மா? நிஜம்னா அவங்க வீட்டையும் புகை போட்டு விட்டுடலாம்ங்கறாரு டாக்டர். ஆனா நீங்களும் பிள்ளையும் அங்க புழங்கினவங்கன்னு ஆயிடும். கிடங்குக்கு வரணும். மூணு வாரம்."

மூன்று வாரம். அந்த வைக்கோலில். அம்மை கொட்டிக் கிடக்கிறவர்களுக்கு நடுவில், அம்மை குத்தாத பிள்ளை.

ஹாரியட்டின் குரலைக் கேட்ட ஆரி, துணிக்குள் நெளிந்து, அவள் பக்கம் தலையைத் திருப்பினான். வாயைத் திறந்து திறந்து மூடினான். சால்வோர் துணியை இழுத்து அவன் முகத்தை மூடினாள்.

"நான் இந்தப் பொம்பளையைப் பார்த்ததே இல்ல" என்றாள்.

சொன்னது ஐஸ்லாந்து பாஷையில். மொழிபெயர்க்கிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஹாரியட்டுக்குப் புரிந்துவிட்டது. அவள் சால்வோரை உற்றுப் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று சால்வோர் நினைத்தாள், அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். ஹாரியட்டின் பார்வை கீழே இறங்கி, துணிக்குள் நெளிகிற பிள்ளையின் மேல் நின்றது. அவளுடைய சட்டையில் முன்பக்கம் இரண்டு இடத்தில் ஈரம் படர்ந்தது. போர்வையை இழுத்து மறைத்துக்கொண்டாள்.

"இவ இல்ல" என்றாள் டாக்டரிடம். "வேற எவளோ. இவளுக எல்லாரும் ஒரே மாதிரி இருக்காளுக."

மத்தியானத்துக்குள் அக்கரையில் ஐந்து வீடும் எரிந்தன. எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைகிற குளிர். ஹாரியட்டை ஒரு வலை, ஒரு கெட்டில், ஒரு போர்வை எடுத்துக்கொள்ள விட்டார்களாம். வடக்கே, ஏரிப் பனியின் மேல் அவள் தனியாக நடந்துபோவதை சால்வோர் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பின்னால் ஓடினாளா? கையில் இரண்டு ரொட்டியாவது திணித்தாளா? இல்லை. கதவைத் தாழ்போட்டுவிட்டு உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தால் அந்தக் கோபமும் நிலைக்க மாட்டேன் என்கிறது.

ஜூலையில் காவலை எடுத்தார்கள். ஏகில் ஓடிவந்தான். செத்திருப்பான் என்று நினைத்த பிள்ளை கொழுகொழுவென்று தவழ்வதைப் பார்த்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்கம்பக்கத்தில் யார் வந்தாலும் அவனுக்கு ஒரே பேச்சு. "தன்னந்தனியா காப்பாத்தியிருக்கா! ஒருத்தர் உதவி கிடையாது!" ஹால்டோராவும் சேர்ந்துகொண்டாள். "பசு வத்துச்சே, இவ வத்தலையே!" சால்வோர் ஆமாம் என்றாள். அதன்பின் அவளுக்கு நாலு பிள்ளைகள். நாலுக்கும் தன் பாலையே கொடுத்தாள், யார் முகம் சுளித்தாலும் சட்டை செய்யவில்லை. ஒன்றும் சாகவில்லை. மற்ற பெண்களும் அவளைப் பார்த்து மார்பைக் கட்டுவதை விட்டார்கள். ஓடைக்கு அக்கரை நிலமும் பிறகு ஏகில் பெயருக்கே வந்தது. அங்கே நல்ல புல் விளைந்தது.

குடியேறி ஐம்பது வருஷம் ஆனதற்கு ஊரில் விழா எடுத்தார்கள். முதல் கூட்டத்தோடு வந்த பெண்களை மேடையில் உட்காரவைத்து, போதகர் ஒவ்வொருத்தியைப் பற்றியும் நாலு வரி வாசித்தார். சால்வோரின் முறை வந்தது. "அம்மை வருஷத்தில், கணவன் அருகில் இல்லாமல், யாருடைய உதவியுமின்றி, தன்னந்தனியாக..."

சால்வோர் எழுந்தாள். எழுபத்தாறு வயசு, குச்சியைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"அது பொய்" என்றாள். "என் பிள்ளைக்குப் பால் குடுத்தது ஹாரியட். அக்கரையில இருந்தா. அவ வீட்டைக் கொளுத்தினாங்க, நான் பேசாம இருந்தேன்."

கூடத்தில் யாரோ, பாவம் கிழவிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்து, அன்பாகக் கைதட்டினார்கள். எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். போதகர் அவளைக் கைத்தாங்கலாக உட்காரவைத்துவிட்டு அடுத்த பெயரை வாசித்தார். பின்வரிசையில் காப்பி ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரை ஓட்டியது ஆரி.

"யாரும்மா ஹாரியட்?" என்றான்.

சால்வோர் சொன்னாள். மார்பைக் கட்டியதிலிருந்து வீட்டைக் கொளுத்தியதுவரை ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவன் வீட்டு வாசலில் காரை நிறுத்தினான், இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"அதுக்கப்புறம் அவங்க எங்கம்மா போனாங்க?"

அவளுக்குத் தெரியாது. ஐம்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அதை யாரிடமும் கேட்டதில்லை.